டோர் பேடுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மழைக்காலம் முடிந்த கையோடு முசரவாக்கத்திலிருந்தும் காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்து சேர்ந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே காரின் உள்பக்கத்தைப் பற்றியவை. டோர் பேட், பில்லர் கவர், டேஷ்போர்டு, ரூஃப் லைனிங், தரைக் கார்ப்பெட் என்று கழற்றவும் மாட்டவும் பலர் துணிந்திருக்கிறார்கள். துணிச்சலை வரவேற்கிறேன். நெம்புவதற்கு முன்னால் மட்டும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

கேள்வி: சார், பவர் விண்டோ மோட்டார் மாத்தினோம். கண்ணாடி இப்ப நல்லா ஏறி இறங்குது. ஆனா மழை பெய்ஞ்சா டிரைவர் பக்கம் மேட் நனைஞ்சுடுது. கண்ணாடி பீடிங்கை மாத்தணுமா? (வாசகர், முசரவாக்கம்)

பதில்: பீடிங் மேல் பழி போடாதீர்கள். மோட்டார் மாற்றிய அன்றைக்கு டோர் பேடுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பாருங்கள்.

மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது கோளாறே இல்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரில் கொஞ்சம் பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் போகும். கதவின் அடி விளிம்பில் இருக்கிற ஓட்டைகள் வழியாக வெளியே சொட்டிவிடும். வடிவமைப்பே அப்படித்தான். அந்தத் தண்ணீர் உங்கள் காலடிக்கு வராமல் தடுப்பது, கதவின் இரும்புக்கும் டோர் பேடுக்கும் நடுவே ஒட்டியிருக்கிற ஒரு பிளாஸ்டிக் ஷீட். சுற்றிலும் கருப்பாக, காயவே காயாத ஒரு பிசினால் ஒட்டியிருப்பார்கள். பியூட்டைல் என்று கேட்டால் கடையில் டேப்பாகக் கிடைக்கும். மோட்டாரைத் தொட வேண்டுமானால் அந்த ஷீட்டை உரித்தே ஆக வேண்டும். நிதானமானவர் பிசினோடு சேர்த்து மெல்ல உரித்து, அப்படியே திரும்ப ஒட்டுவார். அவசரக்காரர் கத்தியால் கிழித்துவிட்டு, பேடை மாட்டி மூடிவிடுவார். மூடிய பிறகு யாருக்குத் தெரியும்? முதல் மழைக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது இது. பேடைக் கழற்றுங்கள். ஷீட் கிழிந்திருந்தால் கெட்டியான பாலித்தீன் ஷீட்டைப் பழைய அளவிலேயே வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். செல்லோ டேப் ஒரு வெயிலுக்குத் தாங்காது. பல வண்டிகளில் ஷீட்டின் அடி ஓரம் கதவின் உள்பக்கமாகச் செருகியிருக்கும். ஷீட்டில் வழிகிற தண்ணீர் கதவுக்குள்ளேயே விழுவதற்கான ஏற்பாடு அது. அதை வெளியே தொங்கவிட்டால் தண்ணீருக்கு நீங்களே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி. அடி ஓட்டைகளில் மண் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். பிறகு பேடை மாட்டாமலே, வெளியிலிருந்து கண்ணாடி மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஷீட்டின் இந்தப் பக்கம் ஒரு துளிகூட வரக்கூடாது. வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு பேடை மாட்டுங்கள்.

நனைந்த மேட்டை வெயிலில் போட்டால் மட்டும் போதாது. கார்ப்பெட்டுக்கு அடியில் தடிமனான பஞ்சு மெத்தை இருக்கும். அது ஈரமாக இருந்தால் இரண்டு வாரத்தில் வாடை சொல்லும், இரண்டு வருடத்தில் தரைத் தகடு துரு சொல்லும்.

கேள்வி: யூடியூப் பார்த்து நானே டோர் பேடைக் கழட்டலாமா? (கல்லூரி மாணவர், ஓரிக்கை)

பதில்: கழற்றலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வீடியோவில் வருகிற கதவு பெரும்பாலும் கேமராவை ஓடவிடுவதற்கு முன்னாலேயே ஒருமுறை கழன்ற கதவு. அதனால்தான் அவருக்கு அவ்வளவு லேசாக வருகிறது. உங்களுடையது கம்பெனியில் மாட்டியதோடு சரி.

உங்கள் மாடல், உங்கள் வருடம், உங்கள் வேரியண்ட் மூன்றும் பொருந்துகிற வீடியோவைத் தேடுங்கள். ஒரே பெயர் கொண்ட வண்டியில்கூட, வருடம் மாறினால் ஸ்க்ரூ இருக்கும் இடம் மாறும்.

கேள்வி: எல்லா ஸ்க்ரூவையும் எடுத்துட்டேன். ஆனா பேட் வரமாட்டேங்குது. இன்னும் பலமா இழுக்கவா? (வாசகர், பாலுசெட்டி சத்திரம்)

பதில்: வேண்டாம்! வரவில்லை என்றால் ஒரு ஸ்க்ரூ பாக்கி. கம்பெனிக்காரர்கள் ஒளித்து வைக்கும் இடங்கள் சில உண்டு: உள் கைப்பிடிக்குப் பின்னால் நகக்கண் அளவுக்கு ஒரு சின்ன மூடி, கதவை இழுத்துச் சாத்தப் பிடிக்கிற பள்ளத்தின் அடியில், ரப்பர் விரிப்புக்குக் கீழே, சைடு மிரருக்கு நேர் உள்ளே இருக்கிற முக்கோண மூடிக்குப் பின்னால், பவர் விண்டோ சுவிட்ச் பலகையைத் தூக்கினால் அதற்கு அடியில். கதவின் விளிம்பிலும் ஒன்று இருக்கலாம், சாத்திய கதவில் அது கண்ணுக்கே தெரியாது. டார்ச்சும் பொறுமையும் போதும்.

எல்லாம் எடுத்த பிறகு, அடிப்பக்க மூலையில் பிளாஸ்டிக் நெம்பியைச் செருகுங்கள். இரும்புத் திருப்புளி செருகினால் பெயின்டும் போகும், பேடின் ஓரமும் பல் பட்டது போல் ஆகும். கிளிப் எங்கே இருக்கிறதோ அதற்கு மிக அருகில் நெம்ப வேண்டும். தள்ளி நெம்பினால் கிளிப் வராது, கிளிப் பிடித்திருக்கிற காது உடையும். ‘டக்’ என்று ஒவ்வொன்றாக விடுபடும். அந்தச் சத்தம் நல்ல சத்தம். ‘சடக்’ என்றால் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கடைசி ‘டக்’குக்குப் பிறகும் பேட் முழுதாக வராது. மேல் ஓரம் கண்ணாடி இடுக்கில் மாட்டியிருக்கும், நேராக மேலே தூக்க வேண்டும். தூக்கியதும் ஆனந்தத்தில் தள்ளிப் போய்விடாதீர்கள். உள்ளே கைப்பிடி கேபிளும் சுவிட்ச் கப்ளரும் இன்னும் கதவோடுதான் இருக்கின்றன. கப்ளரில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதை அழுத்தினால்தான் கழலும். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

கேள்வி: கிளிப் ஒண்ணு ரெண்டு உடைஞ்சா என்ன ஆயிடும்? மிச்சம்தான் பிடிச்சுக்குதே? (வாசகி, செவிலிமேடு)

பதில்: பிடித்துக்கொள்ளும் அம்மா, பாடிக்கொண்டே பிடித்துக்கொள்ளும். உடைந்த கிளிப்பின் சுமை பக்கத்துக் கிளிப்புக்குப் போகும், அது தளரும், அப்புறம் அடுத்தது. காஞ்சிபுரத்தில் கிளம்பிய கிரீச் சத்தம் பெங்களூர் வரை கூட வரும். கழற்றுவதற்கு முன்னாலேயே உங்கள் மாடலுக்கான கிளிப் அரை டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரில் இதைவிட மலிவான உதிரிபாகம் தேட வேண்டும்.

கேள்வி: வைகாசி கருட சேவைக்குப் போனப்போ வாங்கின வரதராஜப் பெருமாள் சிலையை டேஷ்போர்டு மேல, இடது பக்கம் ஒட்டினேன். மகன் எடுத்துடுங்கப்பான்னு சண்டை போடுறான். சாமியை எடுக்கலாமா? (குடும்பத் தலைவர், சின்ன காஞ்சிபுரம்)

பதில்: உங்கள் மகன் சண்டை போடவில்லை ஐயா, உங்களையும் அம்மாவையும் காப்பாற்றப் பார்க்கிறார். இடது பக்க டேஷ்போர்டில் கோடு போட்டது போல் ஒரு மூடி தெரிகிறதா? அல்லது ஏர்பேக் என்று எழுத்து பதித்திருக்கிறதா? அதற்குக் கீழே பயணியின் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது. மோதல் நடந்தால் நாம் கண் இமைப்பதற்குள் அது மூடியைப் பிளந்துகொண்டு விரியும். மூடி மேல் இருக்கிற எதுவானாலும், சிலையோ வாசனைத் திரவியக் குப்பியோ போனோ, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் வரும். முன்சீட்டுப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம் என்று 2021இல் சட்டம் ஆனபிறகு வந்த கார் எதிலும் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

பெருமாளை மரியாதையாக இறக்கும் வழி: ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து டபுள் டேப் இளகும் வரை காட்டுங்கள். பிறகு நைலான் நூலையோ தூண்டில் நரம்பையோ இரண்டு கையிலும் பிடித்து, சிலைக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே ரம்பம் போல இழுங்கள். நெம்பாதீர்கள், டேஷ்போர்டின் மேல்தோல் சேர்ந்து வந்துவிடும். மிச்சப் பிசினைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். அப்புறம் ஸ்டீயரிங்குக்கும் இடது மூடிக்கும் விலகிய, கண்ணை மறைக்காத இடத்தில் தட்டையான சின்னப் படமாக ஒட்டிக்கொள்ளுங்கள். பெருமாள் அங்கேயும் இருப்பார்.

கேள்வி: ஆயுத பூஜையில டோர் பேட் பூரா சந்தனம், குங்குமம். துடைச்சாலும் கறை போகலை. (டாக்ஸி ஓட்டுநர், பெரிய காஞ்சிபுரம்)

பதில்: காய்ந்த குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தால் கறை பரவும். முதலில் பெயின்ட் பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு, அப்புறம்தான் சோப்புத் தண்ணீர். சுவிட்ச் இடுக்கில் போனதை ஊதி உள்ளே தள்ளாதீர்கள், வேக்குவம் போட்டு உறிஞ்சுங்கள். அடுத்த வருடம் பொட்டு வெளியே போனட்டில் இருக்கட்டும்.

கேள்வி: பட்டுப் புடவைகளைக் கார் டிக்கியில வெச்சு சென்னைக் கடைகளுக்குக் கொண்டு போறோம். போன மாசம் ஒரு புடவையில ஜரிகை இழை இழுத்துக்கிட்டு வந்துடுச்சு. டிக்கிக்குள்ள எது இழுத்ததுன்னே தெரியலை. (ஜவுளிக்காரர், பிள்ளையார்பாளையம்)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. நாள் கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்தது, ஒரு பிளாஸ்டிக் முனையில் போய்விட்டதே!

கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. மருந்துக் கடைப் பஞ்சை ஒரு கைப்பிடி எடுத்து, டிக்கியின் உள் ஓரங்கள் எல்லாவற்றின் மேலும் லேசாகத் தடவிக்கொண்டே போங்கள். எங்கே பஞ்சு இழை நிற்கிறதோ அங்கே பட்டும் நிற்கும். பெரும்பாலும் மூன்று இடங்களில் மாட்டும்: டிக்கிப் பூட்டு விழுகிற வாயைச் சுற்றிய பிளாஸ்டிக் பலகையின் விளிம்பு, பின் விளக்கு பல்பு மாற்றுவதற்கான சின்ன மூடியின் ஓரம், பின் சீட் மடங்கும் இடத்தில் துருத்திய கிளிப் தலை. உடைந்த கிளிப்பைத் தடவிப் பாருங்கள், அரம் போல இருக்கும்.

துருத்திய கிளிப்பை மாற்றுங்கள். பலகை ஓரம் உடைந்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் முனையை மழுக்கி, ஃபெல்ட் டேப் ஒட்டுங்கள். பூட்டில் வைத்த கிரீஸ் வழிந்து பலகையில் ஒட்டியிருக்கும். அதையும் துடைத்துவிடுங்கள், பட்டில் கிரீஸ் கறை இழுபட்ட இழையை விட மோசம். டேஷ்போர்டுக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்ப்ரேயை டிக்கிப் பக்கம் கொண்டே போகாதீர்கள். புடவைகளை எப்போதும்போல வெள்ளைத் துணியில் சுற்றியே வையுங்கள். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: டேஷ் கேமரா ஒயரை முன் பில்லர் கவருக்குள்ள நானே சொருகிட்டேன். சூப்பரா மறைஞ்சுடுச்சு. (வாசகர், வாலாஜாபாத்)

பதில்: தம்பி, இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பில்லர் கவரில் ஏர்பேக் என்று பதித்திருந்தால், அதற்குப் பின்னாலிருந்து கூரை ஓரமாக ஒரு கர்ட்டன் ஏர்பேக் சுருட்டி வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒயரைக் குறுக்கே விட்டால் அது விரியும் பாதையில் தடை போட்டதாகிவிடும். ஒயர் எப்போதும் ஏர்பேக்குக்குப் பின்னால், ஏற்கெனவே அந்தப் பக்கம் போகிற கம்பெனி ஒயர்க் கட்டோடு சேர்த்து டை போட்டுப் போக வேண்டும். அந்தக் கவரைப் பிடிக்கிற கிளிப்புகளில் வால் போல ஒரு பட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏர்பேக் வெடிக்கும்போது கவரே பறந்து வந்து அடிக்காமல் இழுத்துப் பிடிக்க வைத்தது அது. பல கம்பெனிகள் அந்தக் கிளிப்பை ஒருமுறை கழற்றினால் புதிது போடச் சொல்கின்றன.

இந்தப் பகுதியில் ஒரு எழுத்துகூட விட்டுக்கொடுக்க மாட்டேன்: மஞ்சள் நிற ஒயர் அல்லது மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட் இறுக்கிக்கும் போவது. ஸ்டீயரிங் நடுவில், டேஷ்போர்டில், சீட்டுக்கு அடியில், நடு பில்லரின் காலடியில் எல்லாம் இருக்கும். அதன் பக்கத்தில் வேலை என்றால் சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். பத்து நிமிடம் விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. மல்டிமீட்டரை அந்தக் கப்ளரில் வைக்கவே வைக்காதீர்கள். அது கழன்றிருக்கும்போது சாவி போடாதீர்கள். போட்டால் டேஷ்போர்டு மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியும், ஸ்கேனர் வைத்து அழிக்கும் வரை அணையாது. விளக்கு எரிகிறது என்றால் விபத்தில் ஏர்பேக் விரியாமலே போகலாம் என்று அர்த்தம்.

கேள்வி: பேட்டரி கழட்டி மாட்டினதுல இருந்து கண்ணாடி ஒரே தட்டுல முழுசா ஏற மாட்டேங்குது. மோட்டார் போச்சா? (வாசகர், தாமல்)

பதில்: போகவில்லை, மறந்துவிட்டது. கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சை விடாமல் சில விநாடி பிடித்திருங்கள். பல வண்டிகளில் அவ்வளவுதான். கேட்கவில்லை என்றால் கையேட்டில் முறை இருக்கும்.

கேள்வி: நெல் அறுப்பு முடிஞ்சா எங்க ஊர்ல எலி எல்லாம் காருக்குள்ள குடி வந்துடுது. ஏசி போட்டா நாத்தம் தாங்கலை. (விவசாயி, முசரவாக்கம்)

பதில்: வயல் ஓரத்தில் நிற்கிற வண்டி எல்லாவற்றுக்கும் இந்தப் பாடு உண்டு. முதலில் இடது பக்க கிளவ் பாக்ஸைப் பாருங்கள். பல ஹூண்டாய், மாருதி வண்டிகளில் பாக்ஸைத் திறந்து இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அழுத்தினால் தடுப்புகள் விடுபட்டுப் பாக்ஸ் கீழே தொங்கும். பக்கத்தில் ஒரு மெல்லிய கயிறோ கம்பியோ இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். பின்னால் நீளமாக ஒரு மூடி. அதைத் திறந்தால் கேபின் ஃபில்டர். வைக்கோல், பஞ்சு, நெல் உமி எல்லாம் அங்கேதான் மெத்தையாக இருக்கும்.

அதை வெறுங்கையால் வாரக் கூடாது. எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும், உயிருக்கே ஆபத்தான காய்ச்சல் அது. கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, முதலில் ப்ளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, பிறகு ஈரமாகவே அள்ளுங்கள். உலர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள். புது ஃபில்டர் போடும்போது அதில் இருக்கிற அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஒயர். கதவு வாசலில் நாம் மிதித்து ஏறுகிற ஸ்டெப் பிளேட்டைக் கழற்றினால் அடியில் தடியான ஒயர்க் கட்டு ஓடும். ஸ்க்ரூ இல்லை என்றால் பின் பக்கத்திலிருந்து நேராக மேலே இழுத்தால் கிளிப்புகள் விடும். எலி கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சால்டர் வைத்து, சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். வண்டி நிறுத்தும்போது ஏசி, காற்று உள்ளேயே சுற்றுகிற நிலையில் இருக்கட்டும். பல வண்டிகளில் எலி நுழைகிற ஒரு வாசல் அதனால் அடைபடும்.

கேள்வி: கழட்டும்போது ஈஸி. மாட்டும்போது எந்த ஸ்க்ரூ எதுக்குன்னு குழம்பிடுது. முடிச்சுப் பார்த்தா ரெண்டு மிச்சம்! (வாசகர், உத்திரமேரூர்)

பதில்: பழைய இட்லித் தட்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு கட்டத்து ஸ்க்ரூ. கழற்றுகிற ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு படம். மாட்டும்போது படங்களைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள்.

மிச்சமான இரண்டையும் நீளம் வைத்துப் பாருங்கள். குட்டை ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதைப் போட்டிருந்தால் அது கண்ணாடியைக் கீறும், ஒயரைக் குத்தும். கண்ணாடியை மெல்ல இறக்கி ஏற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். மிச்சமானது சீட் பெல்ட் போல்ட் என்றால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். அதைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனர் வைத்துத்தான் முறுக்க வேண்டும்.

கேள்வி: 2015 டிசம்பர் வெள்ளத்துல என் கார் சீட் மட்டம் வரை முழுகிச்சு. அன்னிக்குத் தண்ணியை மட்டும் துடைச்சு ஓட்டினேன். கொஞ்ச நாள்ல ஒவ்வொண்ணா எலக்ட்ரிகல் வேலை வந்துடுச்சு, அப்புறம் வித்துட்டேன். இனிமே அப்படி ஆனா என்ன செய்யணும்? (வாசகர், படப்பை)

பதில்: 2015இல் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் எத்தனையோ கார்கள் இப்படித்தான் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு அதே பாடம் திரும்பவும் வந்தது. கேட்டது நல்லது, விவரமாகச் சொல்கிறேன்.

முழுகிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே சாவித் திருப்பலில் கனெக்டிங் ராடு வளையலாம். பேட்டரியைக் கழற்றுங்கள். எதையும் பிரிப்பதற்கு முன்னால் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரியும்படி படம் எடுத்து, இன்ஷூரன்ஸ்காரர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன் பிரித்துப் போட்டால் அப்புறம் வாதாட வேண்டியிருக்கும்.

அவர்கள் பார்த்த பிறகு உள்பக்கம் முழுவதும் வெளியே வர வேண்டும். கதவு ரப்பர் பீடிங், ஸ்டெப் பிளேட், நடு பில்லரின் கீழ்க் கவர், சீட், நடுவில் இருக்கும் கன்சோல், கார்ப்பெட் என்று வரிசை. கார்ப்பெட்டின் ஓரத்தை ஸ்டெப் பிளேட்டும், ஸ்டெப் பிளேட்டின் ஓரத்தைப் பீடிங்கும் அழுத்திக்கொண்டிருக்கும். கம்பெனியில் கடைசியாக மாட்டியது இங்கே முதலில் வர வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

மேலே தொட்டால் காய்ந்த கார்ப்பெட்டைத் தூக்கி, அடிப் பஞ்சைப் பிழிந்தால் வாளி வாளியாகத் தண்ணீர் வரும். அதை நிழலில் காற்றோட்டமாக முழுக்க உலர்த்த வேண்டும். பஞ்சு நைந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். பல கார்களில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி நடு கன்சோலுக்கு அடியில், தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. அது முழுகியிருந்தால் வேலை செய்வது போலத் தெரிந்தாலும் நம்பாதீர்கள், கம்பெனிக்காரர்களிடம் காட்டுங்கள். கதவுகளின் பேடையும் எடுத்து, உள்ளே தங்கிய சேற்றைக் கழுவி, அடி ஓட்டை வழியாக வடிய விடுங்கள். பச்சை பூத்த கப்ளர் பின் ஒவ்வொன்றையும் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் வண்டியில் ஒவ்வொன்றாக வந்த எலக்ட்ரிகல் வேலைகள் பெரும்பாலும் அந்தப் பச்சையிலிருந்து வந்தவைதான்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டெப் பிளேட்டைத் தூக்கி, கார்ப்பெட் ஓரத்தை மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் வண்டல் மண் படிந்திருந்தால் அந்த வண்டி குளித்த வண்டி. விற்பவர் தூக்கவே விடமாட்டேன் என்றாலும் பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: ரூஃப் லைனிங் துணி தொங்கித் தலையில இடிக்குது. குண்டூசி குத்தி வெச்சிருக்கேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஐயம்பேட்டை)

பதில்: குண்டூசி ஒரு மாதம் தாங்கும் ஐயா, துணி அதற்கப்புறம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். நம் ஊர் வெயிலில் கூரை பட்டபாட்டுக்கு, துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்ச் பொடிப் பொடியாகிவிட்டது. அதனால் பசை வைத்துத் திரும்ப ஒட்டினாலும் நிற்காது. பொடியின் மேல் எது நிற்கும்? லைனிங் பலகையை முழுதாகக் கழற்றி, ஸ்பாஞ்ச் பொடியைப் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து எடுத்து, புதிய ஸ்பாஞ்ச் துணியைச் சூடு தாங்கும் பசையால் ஒட்ட வேண்டும். பலகையை எடுப்பதற்குக் கைப்பிடி, சன் வைசர், விளக்கு, பில்லர் மேல் கவர் எல்லாம் வர வேண்டும். மடித்து வெளியே எடுத்தால் முறிந்துவிடும், டிக்கிக் கதவு வழியாகவோ முன் சீட்டைச் சாய்த்தோ நேராக எடுக்க வேண்டும். இதை சீட் கவர் தைக்கிற நல்ல கடைக்காரரிடம் விடுங்கள்.

கேள்வி: அப்பாவோட மாருதி 800 வெச்சிருக்கேன். கண்ணாடி சுத்துற கைப்பிடியில ஸ்க்ரூவே இல்லை. எப்படி எடுக்கிறது? (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: 1983இல் வந்து 2014இல் உற்பத்தி நின்ற வண்டி. பத்திரமாக வைத்திருப்பதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாடம் போல ஒரு ஸ்பிரிங் கிளிப் இருக்கும். பழைய வேட்டித் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, கைப்பிடிக்கும் வட்டத் தட்டுக்கும் நடுவே செருகி, இரண்டு முனையையும் பிடித்து மாறி மாறி இழுங்கள். துணியின் இழை கிளிப்பின் நுனியில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். பறந்து போகும், மறு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, கைப்பிடி எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். மாட்டும்போது கிளிப்பை முதலில் கைப்பிடியில் செருகிவிட்டு அப்படியே தண்டில் அழுத்தினால் போதும்.

கேள்வி: ஃபோர்டு இகோஸ்போர்ட் வெச்சிருக்கேன். கம்பெனியே கார் செய்யறதை நிறுத்திடுச்சு. பேட் கிளிப்புக்கு எங்க போறது? (வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: மறைமலை நகரில் செய்த வண்டி, நம் பக்கத்துப் பிள்ளை. 2021இல் நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் அங்கே உற்பத்தியும் நின்றது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடர்கின்றன. கம்பெனிக் கடையில் கிடைக்காவிட்டால் உடையாத பழைய கிளிப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னை ஜி.பி. ரோடு போங்கள், பேடே வேண்டுமானால் புதுப்பேட்டை. தலையின் அகலம், தண்டின் தடிமன், நீளம் மூன்றும் ஒத்தால் வேறு வண்டியின் கிளிப்பும் உட்காரும். ஃபோர்டு, ரெனோ, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் ஸ்டார் ஸ்க்ரூ அதிகம், சாதாரணத் திருப்புளியால் சுற்றித் தலையைத் தேய்த்துவிடாதீர்கள்.

கேள்வி: சவுண்டு வராம இருக்க கதவுக்குள்ள டேம்பிங் ஷீட் ஒட்டலாமா? (வாசகர், ஒரகடம்)

பதில்: ஒட்டுங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கி, அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு. அடி ஓட்டைகளை விட்டுவிட்டு.

கேள்வி: ஐ.டி.ஐ. முடிச்சு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில டிரிம் லைன்ல, அதான் உள்பக்கப் பாகம் மாட்டுற இடத்துல, மூணு வருஷமா காண்ட்ராக்ட் வேலை. ஊர்லயே சொந்தமா டிரிம் வேலைக்குக் கடை போடலாம்னு ஆசை. நடக்குமா அண்ணா? (இளைஞர், முசரவாக்கம்)

பதில்: நடக்கும் தம்பி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்த நாளிலிருந்து, கம்பெனி பஸ் ஏறிப் போய் டிரிம் மாட்டப் பழகிய கைகள் நம் மாவட்டத்துக் கிராமங்களில் எத்தனையோ இருக்கின்றன. அந்தக் கைகளில் பெரும்பாலானவை ஒப்பந்தம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கற்ற தொழில் ஊரிலேயே தங்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அது பெரிய விஷயம்.

ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதித் தொழில். லைனில் உங்கள் கைக்கு வந்தது புதுப் பேட், புதுக் கிளிப், பெயின்ட் மணம் போகாத கதவு. கடைக்கு வரப்போவது பத்து வருடம் வெயிலில் காய்ந்த பேட், யாரோ ஏற்கெனவே கிழித்த ஷீட், இரண்டு முறை எலி கடித்த ஒயர். மாட்டும்போது கை பலம் போதும். கழற்றும்போது எது வரும், எது உடையும் என்று விரலுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அது பழைய வண்டிகளில் மட்டும்தான் வரும். புதுப்பேட்டையில் கழித்துக் கட்டிய கதவுகள் கிடைக்கும். ஒரு மாருதி, ஒரு ஹூண்டாய், ஒரு மஹிந்திரா, ஒரு ரெனோ என்று வாங்கி, லீவு நாட்களில் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கழற்றி மாட்டுங்கள். உடையட்டும். எங்கே உடைகிறது என்பதைக் குறித்துவையுங்கள்.

ஏர்பேக் வேலைக்கு மட்டும் முறையாகப் பயிற்சி எடுக்காமல் கை வைக்க வேண்டாம். ஸ்கேனர் வாங்கும் வரை மஞ்சள் ஒயர் வேலையைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். வாடிக்கையாளர் உங்களை விட்டுப் போகமாட்டார், ‘தெரிந்ததைத்தான் செய்கிறான்’ என்று நாலு பேரிடம் சொல்வார்.

கடைக்கு வாடகை, பெயர்ப் பலகை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வாங்க வேண்டியவை: பல வகைக் கிளிப் நிறைந்த டப்பா, பிளாஸ்டிக் நெம்பி செட், ஸ்டார் பிட், டார்க் ஸ்பேனர், பியூட்டைல் டேப் சுருள், கெட்டிப் பாலித்தீன். ஒவ்வொரு வண்டியையும் திருப்பிக் கொடுக்கும் முன், பேட் மாட்டாத கதவின் படத்தை வண்டிக்காரர் போனுக்கு அனுப்பிவிடுங்கள், ஷீட் முழுதாக ஒட்டியிருப்பது தெரியும்படி.